நான் பண்ணாத கால்

அது கண்டக்டர் இல்லண்ணே, நான்தான். "பின்னாடி எடம் கெடக்குதுல்ல, உள்ள போய்யா"ன்னு ஒரு அதட்டல் போட்டேன் பாருங்க, வாசல்ல நின்ன கூட்டம் அப்படியே நகந்துச்சு. நீங்களும் பையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு எடம் விட்டீங்க. நெசக் கண்டக்டர் இன்னும் கீழே நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு. கோவிச்சுக்காதீங்க. திருச்சி வரைக்கும் நின்னுக்கிட்டே போனா தொண்டை காஞ்சிடும். எனக்கு இன்னைக்குத் தொண்டைதான் முக்கியம்.

டி.வி.யில மிமிக்ரி நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்குறாங்க, திருச்சியில ஒரு கல்யாண மண்டபத்துல. அதுக்குத்தான் போறேன். என் பேரு இளங்கீரன். அறந்தாங்கியில கீரன்னு கேட்டா சொல்லுவாங்க. இப்பக் கொஞ்ச நாளா காறித் துப்பிட்டுச் சொல்லுவாங்க. அது வேற கதை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன், கேளுங்க, புதுக்கோட்டை வர்றதுக்குள்ள தூங்கிடாதீங்க.

எனக்கு எல்லாக் குரலும் வரும்ணே. பேங்குக்குப் போன் போட்டா ஒரு பொம்பளை பேசும்ல, "தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தவும்", அது வரும். எங்க ரேஷன் கடைக்காரர், "கைரேகை விழல, நாளைக்கு வாங்க", அது வரும். இங்கிலீஷ் நியூஸ் சேனல்ல கோட்டு போட்டுக்கிட்டு மேசையைத் தட்டித் தட்டிக் கத்துவாங்க பாருங்க, அது அச்சா வரும். என்ன கத்துறேன்னு மட்டும் எனக்குத் தெரியாது. பிளஸ் டூவுல இங்கிலீஷ்ல ஃபெயில். எங்கப்பா நம்பவே இல்ல. "வீட்டுல மழை மாதிரிப் பேசுறானே, எவனோ பேப்பரை மாத்தித் திருத்திட்டான்"னு பள்ளிக்கூடத்துல போய்ச் சண்டை போட்டாரு. அப்புறம்தான் என்னை அருளப்பன் சார்கிட்ட சேத்து விட்டாரு.

உரக்கடை மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். மாடிப்படி ஏறுறப்பவே யூரியா வாசனை அடிக்கும். முதல்ல கிராமர். சார் போர்டுல எழுதுவாரு, நாங்க கோரஸாச் சொல்லுவோம். அப்புறம் எழுத்துப் பயிற்சி, பத்து வரி, அவரு கேக்குற எதைப் பத்தியாவது. கடைசியா மீடியா டாபிக். அதுதான் தமாசு. "டி.வி. நல்லதா கெட்டதா", "விளம்பரங்கள்", "நாளிதழ் ஏன் படிக்கணும்", இப்படி ஒரு தலைப்பைக் குடுத்துட்டு ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு பேசச் சொல்லுவாரு. எல்லாரும் "குட் ஈவினிங் ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சு, தேங்க்யூன்னு முடிப்பாங்க. நடுவுல ஒண்ணும் இருக்காது.

வாசுகி அக்கா மட்டும் அப்படி இல்ல. அவங்களுக்கு எந்தத் தலைப்பைக் குடுத்தாலும் வீட்டுக்காரர்கிட்டதான் போய் நிக்கும். விளம்பரம்னா, என் வீட்டுக்காரர் பேப்பர்ல விளம்பரம் பாத்துத்தான் ஓமனுக்குப் போனாரு, இப்ப ஆஸ்பத்திரியில இருக்காருன்னு சொல்லுவாங்க. டி.வி.ன்னா, அந்த ஆஸ்பத்திரியில டி.வி. இருக்குமான்னு தெரியலன்னு சொல்லுவாங்க. பசங்க சிரிப்பானுங்க. நான் அவங்க மாதிரியே முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுப் பேசிக் காட்டுவேன், அவங்களே சிரிச்சிருவாங்க. நல்ல அக்காண்ணே. என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க.

வீட்டுக்காரர் பேரு வீரையன். கட்டட வேலைக்குப் போன எடத்துல சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. தலையில அடி, பேச்சு இல்ல. கம்பெனி ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. ஊருக்கு அனுப்பச் சொல்லணும்னா கம்பெனிக்குப் பேசணும். பொண்டாட்டிகிட்ட மட்டும்தான் பேசுவோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க, அதுவும் இங்கிலீஷ்ல. இவங்க போனைப் போட்டு "தமிழ், தமிழ்"னு ரெண்டு தடவை சொல்லுறதுக்குள்ள அந்தப் பக்கம் வச்சிருவாங்களாம். அதுக்காகத்தான் கிளாசுக்கு வந்தாங்க. நாங்கெல்லாம் வேலைக்கு, மார்க்குக்கு. அவங்க ஒரு போனுக்கு. அவரை உசுரோட வீடு கொண்டாந்து சேத்துரணும், அவ்வளவுதான் அவங்க படிப்பு.

சாருக்குன்னு ஒரு முறை உண்டு, "திடீர் கால்"னு பேரு. பல்லு விளக்கிக்கிட்டு இருக்கப்ப, சந்தையில இருக்கப்ப, எந்நேரமும் போன் வரும். எடுத்தா பேங்க் மேனேஜர் மாதிரியோ, விமானக் கம்பெனி மாதிரியோ இங்கிலீஷ்ல பேசுவாரு. நாம பதில் சொல்லணும். முடிஞ்சதும் பேசுனதை அழகா நாலு வரி எழுதி அதே நம்பருக்கு அனுப்பணும், மறுநாள் கிளாஸ்ல திருத்துவாரு. சார்தான் பேசுறாருன்னு கண்டுபிடிச்சாலும் தமிழ்ல பேசக் கூடாது. "நம்பரைப் பாக்காத, கேள்வியைப் பாரு"ன்னு சொல்லுவாரு.

ஆனா சாருக்கு ஒரே குரல். பேங்க் மேனேஜரும் அருளப்பன், ஏர்போர்ட்டும் அருளப்பன். நான் ஒருநாள் மீடியா டாபிக்ல நியூஸ்காரன் மாதிரிக் கத்திக் காட்டவும், மறுநாளே திடீர் கால் வேலையை என்கிட்ட குடுத்துட்டாரு. கேள்வியெல்லாம் அவரே தமிழ் எழுத்துல எழுதிக் குடுப்பாரு, நான் பாத்துப் பேசணும். அவரோட அண்ணன் மஸ்கட்லேருந்து திரும்பி வந்தவரு, அவரோட பழைய போன்ல ஓமன் நம்பர் வாட்ஸப் இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வாசுகி அக்காவுக்கு அதுலேருந்து பண்ணுன்னாரு. வெளிநாட்டு நம்பரைப் பாத்துப் பயம் தெளியட்டும்னு.

நான் ஒரு கம்பெனி ஆபீசரை உண்டாக்குனேன்ணே. மூக்கால பேசுவாரு, வாக்கியத்துக்கு வாக்கியம் இருமுவாரு. முதல்நாள் அக்கா போனைக் கீழே போட்டுட்டாங்களாம். அப்புறம் பழகிட்டாங்க. வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு கேப்பாங்க, நல்லா இருக்காருன்னு ஆபீசர் சொல்லுவாரு. எப்ப அனுப்புவீங்கன்னு கேப்பாங்க, பேப்பர் ஓடிக்கிட்டு இருக்குன்னு ஆபீசர் சொல்லுவாரு. சில நாளைக்குப் பேச்சு முடிஞ்சப்புறம் தமிழ்ல "தம்பி, இன்னொரு தடவை நல்லா இருக்காருன்னு சொல்லேன்"னு கேப்பாங்க. பயிற்சியில அவ்வளவு ஆர்வம்.

எதுக்கும் தயாரா இருக்கணும்னு சார் போகப்போகக் கேள்வியைக் கடினமாக்குனாரு. விமானம் ரத்து. பாஸ்போர்ட் காணோம். ஒருநாள், உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாருன்னு எழுதிக் குடுத்தாரு. நான் மாடிப்படியில நின்னு பேசுனேன், சார் பக்கத்துல ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருந்தாரு. அக்காவுக்கு நான்தான்னு தெரியும். தெரிஞ்சும் ஒரு சத்தம் போட்டாங்கண்ணே, அது எனக்கு வரல. எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன், வரல. இங்கிலீஷ் ஒரு வார்த்தை இல்ல. சார் போனை வாங்கிட்டாரு.

"அழுதா அவனுக்கு என்னம்மா புரியும்? அழறதை அப்புறம் வச்சுக்க. முதல்ல வாக்கியத்தை முடி."

அக்கா மூக்கைச் சிந்திக்கிட்டு மன்னிச்சுக்கங்க சார்னாங்க. அடுத்த தடவை அழமாட்டேன்னாங்க.

எங்களுக்கெல்லாம் ஒரு பதில் சொல்லிக் குடுத்திருந்தாரு. எந்த ஆபீசர் பேசுனாலும் கடைசியில அதைச் சொன்னா முழு மார்க். "ஐ அண்டர்ஸ்டாண்ட் சார். ஐ அக்ரி. ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்." புரியுது, சம்மதம், ஆக வேண்டியதைப் பாருங்கன்னு அர்த்தம். முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பான், அதுக்கு வேற வாக்கியம் தெரியணும், அது தப்பாப் போகும். அதனால கிளாஸ்ல யாருமே முடியாதுன்னு சொன்னது கிடையாது. கடனைக் கட்டச் சொன்னாலும் சம்மதம், கல்யாணத்தை நிறுத்தச் சொன்னாலும் சம்மதம். நாங்க அதை வச்சுக் கிண்டல் அடிச்சுக்கிட்டுத் திரிவோம்.

இப்பத்தான் என் மேல விழுந்த பழி வருது. நல்லாக் கேளுங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க.

ஒருநாள் சாயங்காலம் கிளாசுக்குள்ள போறேன், வாசுகி அக்கா எழுந்து நிக்குறாங்க. முகமெல்லாம் சிரிப்பு. எல்லாரு முன்னாடியும் சொன்னாங்க.

"நேத்து நல்லாப் பண்ணுன தம்பி. இருமலை விட்டுட்ட, குரலையே மாத்திட்ட. நெசம் மாதிரியே இருந்துச்சு. நான் அழல, பாத்தியா?"

நேத்து நான் கால் பண்ணவே இல்லண்ணே. மீமிசல்ல சித்தப்பா வீட்டுக் காதுகுத்து, நாள் முழுக்க அங்கதான் இருந்தேன். சார்தான் பண்ணியிருப்பாரு போலன்னு நெனச்சேன். சாரைப் பாத்தேன், அவரு நான்தான் பண்ணியிருப்பேன்னு நெனச்சு என்னைப் பாத்துத் தலையாட்டுறாரு. எல்லாரும் கை தட்டுறாங்க. கை தட்டுறப்ப எழுந்து நின்னு இது நான் இல்லைங்கன்னு சொல்லுற மிமிக்ரிக்காரன் எவனாவது இருக்கானா? நெஞ்சுல கையை வச்சுக் குனிஞ்சு "தேங்க்யூ மேடம்"னேன். இன்னும் தட்டுனாங்க.

அக்கா அனுப்புன செய்தியை, சார் அவங்க போனை வாங்கி எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாரு. வீரையனின் மனைவி வாசுகி ஆகிய நான், என் கணவர் காலமான செய்தியைப் புரிந்துகொண்டேன், அவரை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதிக்கிறேன், ஆக வேண்டியதைச் செய்யுங்கள். இங்கிலீஷ்ல. ஒரு எழுத்துப் பிழை இல்ல. "முற்றுப்புள்ளி முதக்கொண்டு எடத்துல இருக்கு, பாருங்கடா"ன்னு எங்களைத் திட்டுனாரு. சிவப்புப் பேனாவைத் தொடவே இல்ல. மேல என்ன நம்பர் இருக்குன்னு அவரும் பாக்கல. நம்பரைப் பாக்காதன்னு சொன்னவரு அவருதானே.

அன்னைக்கு அக்கா எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் குடுத்தாங்க. எனக்கு மட்டும் ஒண்ணு கூடுதலா.

அந்த வாரக் கடைசியில வீரையனோட ரூம்ல தங்கியிருந்த பட்டுக்கோட்டைக்காரர் ஒருத்தரு போன் பண்ணியிருக்காரு, அக்காவுக்கு இல்ல, கொழுந்தனாருக்கு. அடக்கம் முடிஞ்சிருச்சு, நாங்க நாலு பேரு போய் மண்ணு போட்டோம், அண்ணி சம்மதிச்சதாக் கம்பெனியில சொன்னாங்க, எதுக்கும் ஒரு வார்த்தை கேப்போம்னு நெனச்சோம், ஆனா அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்கன்னு காட்டுனாங்க, அப்படின்னு. பாத்தீங்களா, சம்மதம் சொன்ன மறுநாளே ஒண்ணும் அடக்கம் பண்ணிடல. நடுவுல நாள் இருந்துச்சு. கம்பெனிக்காரன் திரும்பக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல? அவன் கேக்கல. அவனை யாரும் ஒண்ணும் சொல்லலண்ணே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

கொழுந்தனாரு நேரா மாடிக்கு வந்துட்டாரு. சின்னையன்னு பேரு, லோடு வண்டி ஓட்டுறவரு. "எவன்டா எங்க அண்ணனைப் புதைக்கச் சொன்னது?" இந்தக் கரகரப்பு இருக்குல்ல, அது பீடியால வந்தது, தொண்டையைக் கொஞ்சம் இறுக்கிக்கிட்டா வந்துரும். கன்னத்துல ஒரு அறை. எங்க பக்கம் செத்தவங்களை எரிக்குறதுதான், ஆத்துல சாம்பலைக் கரைக்கணும். ஒரு பிடி சாம்பல் கூடக் கெடைக்காமப் பண்ணிட்டீங்களேடான்னு அந்த மனுசன் உரக்கடை வாசல்ல உக்காந்து அழுதாரு. நான் அன்னைக்குப் பேசவே இல்லைன்னு சொல்றேன், காதுலயே வாங்கல. சார் என்ன பண்ணுனாரு தெரியுமா? இந்தப் பையன் சேட்டைக்காரன், நான் அவனை எதுவும் பண்ணச் சொல்லலன்னுட்டாரு. எழுதிக் குடுத்ததெல்லாம் யாரு? இப்பப் புதுசா பெட்ரோல் பங்க் பக்கத்துல போர்டு மாட்டியிருக்காரு. திடீர் கால் இல்லாமத்தான் நடத்துறாராம். நான் போய் நின்னேன். பிள்ளைங்க படிக்குற எடம், நீ வராதன்னுட்டாரு.

நான் பண்ணாத காலுக்கு நான் அடி வாங்குறேன். நான் பண்ணுன கால் அத்தனைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல. இதுல என்ன நியாயம் இருக்கு, சொல்லுங்க.

பதினாறு முடிஞ்சப்புறம் வாசுகி அக்கா ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. எனக்குப் பயம்தான். கொழுந்தனாரு வண்டியோட வெளியூரு போயிருக்காருன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனேன். அக்கா தரையில உக்காந்திருந்தாங்க. திட்டல. உக்காருன்னாங்க. தண்ணி குடுத்தாங்க.

"நீ பாவம் தம்பி. உனக்கு ஒண்ணும் தெரியல."

பாத்தீங்களா, அவங்களே சொல்லிட்டாங்க. என் மேல தப்பு இல்லைன்னு அவங்களுக்குத் தெரியுது. ஊருக்குத்தான் தெரியல.

அப்புறம் கேட்டாங்க, அந்த ஆபீசர் மாதிரிப் பேசுவியான்னு. நான் உடனே இருமலோட ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்துனாங்க. உன்னோட ஆளு வேணாம், அன்னைக்குப் பேசுனாரே அவரு மாதிரி வேணும்னாங்க. நான் அவரைக் கேட்டதே இல்லையேக்கான்னேன். நான் சொல்லித் தர்றேன்னாங்க.

அதுதான்ணே எனக்கு ஆச்சரியம். அவங்க எனக்கு மிமிக்ரி சொல்லிக் குடுத்தாங்க. ரொம்ப மெதுவாப் பேசுவாராம். கணீர்னு இல்ல, பக்கத்து அறையில யாரோ தூங்குற மாதிரி அடக்கிப் பேசுவாராம். முதல்ல மேடம்னுட்டு நிறுத்துவாராம். அப்புறம் ரொம்ப வருத்தப்படுறேன்னு சொல்லிட்டு நிறுத்துவாராம். அந்த நிறுத்தத்துல இவங்களுக்குச் சிரிப்பு வந்துச்சாம், தம்பி நல்லாத் தேறிட்டானேன்னு. இங்கயே அடக்கம் பண்ணட்டுமான்னு கேட்டாராம். இவங்க அந்தப் பதிலைச் சொன்னதும், அவரு இன்னொரு தடவை கேட்டாராம். புரியுதா மேடம், யோசிச்சுச் சொல்லுங்கன்னாராம். இவங்க இன்னும் சத்தமா, இன்னும் தெளிவா, அதே பதிலைச் சொன்னாங்களாம். தப்பாச் சொன்னதாலதான் திரும்பக் கேக்குறான்னு நெனச்சு.

நான் பேசிக் காட்டக் காட்ட, இல்ல, இன்னும் மெதுவா, இன்னும் இரக்கப்பட்டுப் பேசுன்னு திருத்துனாங்க. இருட்டுறதுக்குள்ள பிடிச்சுட்டேன். அவங்க கண்ணை மூடிக்கிட்டு, ஆமா, இவருதான்னாங்க. என்கிட்ட இருக்குறதுலயே சுத்தமான குரல் அதுதான் இப்ப. இன்னைக்குச் செலக்சன்ல கடைசியா அதைத்தான் வச்சிருக்கேன். யாரு குரல்னு கேட்டா என்ன சொல்லுறதுன்னுதான் தெரியல.

அன்னையிலேருந்து தினம் எனக்கு மிஸ்டு கால் குடுப்பாங்க. நான் கூப்பிட்டு அந்தக் குரல்ல அந்தக் கேள்வியைக் கேக்கணும். அவங்க பதில் சொல்லுவாங்க, பழைய பதில் இல்ல, வேற. நெசக் கம்பெனிக்கும் பேசிப் பாத்தாங்களாம். அந்த ஃபைலை முடிச்சுட்டோம்னு சொல்லிட்டாங்களாம். அப்புறமும் எதுக்கு இந்தப் பயிற்சின்னு நான் கேக்கல. விடாம உழைச்சா இங்கிலீஷ் வந்துரும்னு இவங்களைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சார் கிளாஸ்ல யாருக்கும் இப்படி வந்ததில்ல. கொழுந்தனாரு ஒரு தடவை பாத்துட்டு போனைப் பிடுங்கி எறிஞ்சாரு. கண்ணாடி விரிசல் விட்டிருக்கு, ஆனா வேலை செய்யுது.

எனக்கு ஒரே ஒரு குறைதான். அவங்க பதில் சொன்னதும், "சரிங்க மேடம், அனுப்பி வைக்கிறோம்"னு ஆபீசர் சொல்லுற மாதிரி ஒரு வாக்கியம் நானே தயார் பண்ணி வச்சிருக்கேன். பிளஸ் டூ ஃபெயிலு, ஆனா அந்த ஒரு வாக்கியம் தப்பு இல்லாம வரும். சொல்ல வாயெடுப்பேன், அதுக்குள்ள வச்சிருவாங்க. ஒருநாள் கூடக் கேட்டதில்ல. நல்ல முடிவுதானே, கேட்டா என்னவாம்?

கீரனூர் வந்துருச்சா? இருங்க, இருங்க. இந்தா, மிஸ்டு கால் வந்துருச்சு. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்ல? தப்பு இருந்தா அப்புறம் சொல்லுங்க. இப்ப மட்டும் பேசிடாதீங்க.

ஹலோ. மேடம்... ஐ ஆம் வெரி சாரி... ஷல் வி பரி ஹிம் ஹியர், மேடம்?

"நோ சார். ஐ டூ நாட் அக்ரி. ஹி இஸ் மை ஹஸ்பெண்ட். சென்ட் ஹிம் ஹோம்."

வச்சுட்டாங்க. பாத்தீங்களாண்ணே, இன்னைக்கும் கேக்கல. நாளைக்குக் கேப்பாங்களா இருக்கும்.